இடம் என்ற கட்டம்

என் வேலை ஒட்டுவது.
பசை, நூல், தடித்த தாள்.
கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் ஜார்ஜ்டவுனில்
மூன்றாம் மாடியில் உட்கார்ந்து
செத்த செடிகளுக்கு முகவரி எழுதுகிறேன்.

துர்னியாவுக்கு ஒரே ஓர் இழுப்பறை.
மூன்றே இனம், அதற்கு அது போதும்.
பேரினத்தின் பெயர் பழைய ஆட்சியின் துரை ஒருவருடையது,
ஓர் இனத்தின் பெயர் அவர் காலத்து இன்னொரு துரையுடையது.
மிச்ச இரண்டையும் பெயரிட்டவர்களுக்குத்
துரைகள் தீர்ந்துபோயிருக்க வேண்டும்:
உருண்டைத் தலை, பல தலை
என்று கண்ணில் பட்டதை எழுதிவிட்டார்கள்.

பார்த்தால் புல் என்பீர்கள்.
புல் இல்லை. கோரையும் இல்லை.
கோரைக்குத் தூரத்துச் சொந்தம்,
கல்யாணத்துக்குக்கூட அழைக்காத சொந்தம்.
கரும்புத் தோகைபோல் விளிம்பெல்லாம் பல்.
ஒட்டும்போது உள்ளங்கையைக் கீறும்,
அறுத்து எத்தனை வருடம் ஆனாலும்.
கூடப்பிறந்தது ஒன்றே ஒன்று,
அது தென்னாப்பிரிக்க ஓடைகளில் நிற்கிறது.
நடுவில் அட்லாண்டிக்.

செப்டம்பரில் மகடியா மினிபஸ்ஸில் ஒரு கட்டு வந்தது.
ஈரம் காயாத செய்தித்தாள்,
உள்ளே ஒரு தண்டு,
தண்டின் முனையில் ஒன்றல்ல,
ஐந்து பூத்தலைகள்.
எங்கள் இழுப்பறையில் அந்தத் தாள் இல்லை.
நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

சேகரித்தவர்: யூடோரா பேசில், படகோட்டி, பட்டமோனா.
தேதி இருந்தது.
நீரின் ஆழம் இருந்தது: கணுக்கால்.
நீரின் நிறம் இருந்தது: கருப்பு, அடி தெரியும்.
இடம் என்ற கட்டம்
துடைத்த பலகைபோல் இருந்தது.

டாக்டர் பிரெத்வெயிட் ஃபோனைக் கையில் திணித்தார்.
'எங்கே கிடைத்தது, யூடோரா?'
'ஆற்றில்.'
'எந்த ஆற்றில்?'
'தண்ணீர் ஓடுகிற ஆற்றில், மிஸ்.'
கோபுரம் விட்டுவிட்டுப் பேசியது. அப்புறம் அவளே:
'போன தடவை எழுதித் தந்தேன், ஞாபகம் இருக்கிறதா?
பூவுக்காக நீங்கள் வெட்டிய பாதை.
மழை முடிவதற்குள் அதே பாதையில்
தங்கம் உறிஞ்சும் குழாயை உருட்டி வந்தார்கள்.
இப்போது அங்கே ஆறு பால் டீ.
என் மகன் அதில் வலை போடுவதில்லை.'
அதோடு கோபுரம் போயே போய்விட்டது.

'என்ன சொன்னாள்?' என்றார் டாக்டர்.
'சிக்னல் இல்லை' என்றேன்.
பாதி உண்மை.

கெட்டவர் இல்லை அவர்.
இடமில்லாத தாள் எதற்கும் சாட்சி ஆகாது என்பார்,
சாட்சி இல்லாத ஓடையை யார் காப்பார்கள் என்பார்.
அதுவும் சரிதான்.
அன்று மதியம் முழுக்க அந்த இரண்டு சரிகளோடு
மீன்குழம்பு ஆறிப்போக உட்கார்ந்திருந்தேன்.

பிறகு வேரைப் பார்த்தேன்.
யூடோரா வாயை மூடினாள், வேர் மூடவில்லை.
வெள்ளை மணல், கூடவே இளஞ்சிவப்பாய்
அரிசி நொய் அளவு கல்.
எந்த மலையடி, எந்தக் கிளையோடை என்று
புவியியல் மாணவன் எவனும்
டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவான்.

குழாயைத் திறந்தேன்.
இருபது வருடத்தில் நான் வேரைக் கழுவியதில்லை,
மண்ணோடு ஒட்டு என்பது முதல் பாடம்.
மணல் சுழன்றது,
தொட்டியின் ஓட்டையில் ஒரு கணம் தயங்கியது,
டெமெராரா பக்கம் போயிற்று,
அங்கிருந்து கடல்.

ஒட்டினேன். ஐந்து தலைக்கும் நூல் கட்டினேன்.
உதிர்ந்த காய் ஒன்றில் மூன்று விதை,
அதற்கு ஒரு காகித உறை மடித்தேன்.
உறையை வழக்கமாக வலது மேல்மூலையில் வைப்போம்.
நான் கீழே வைத்தேன்,
இடம் என்ற கட்டத்தின்மேல்,
நான்கு ஓரமும் பசை தடவி.

மறுநாள் டாக்டர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
நகத்தால் உறையின் ஓரத்தை நெம்பிப் பார்த்தார்.
'இதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது?'

'பசை காய்ந்துவிட்டது, டாக்டர்.'

என் கையில் இருந்த கீறலைப் பார்த்தார்.
இழுப்பறையைத் திறந்து
அவரே உள்ளே வைத்தார்.